சன்ரூஃப் ஒழுகுகிறதா? சிலிக்கான் டியூபைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்

மழை விட்டு அரை மணி நேரம் கழித்துக் காரை எடுக்கிறீர்கள். தெருமுனையில் முதல் பிரேக். கூரை விளக்கின் ஓரத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மடியில் கொட்டுகிறது. மழை அடித்துப் பெய்தபோது ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை. நின்றபிறகு, அதுவும் பிரேக் பிடித்தபோதுதான் விழுந்தது. பாதி நோய் இதிலேயே தெரிந்துவிட்டது. தண்ணீர் மேலே எங்கோ தேங்கி நின்றிருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் ஐப்பசி பிறந்தால் இந்தப் புகாரோடு யாராவது ஒருவர் கதவைத் தட்டுவார். சொந்தக் காரில் ஒரு முறை பட்டு அறிந்த பிறகு, அக்கம்பக்கத்துக் கார்கள் சிலவற்றையும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். தவறுவதெல்லாம் ஒரே இடத்தில்தான். கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே அடைக்கப் பார்க்கிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் ஐந்து படிகளில் எதையும் கழற்ற வேண்டியதில்லை. வாரண்டி இருக்கும் காரென்றால் அந்த ஐந்தோடு நிறுத்திக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

1. தண்ணீர் போகும் வழியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கூரையில் திறந்து மூடும் சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங், தண்ணீரை முழுசாகத் தடுத்து நிறுத்தும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பெரும்பகுதியைத் தடுக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் தண்ணீர் எப்போதும் உள்ளே இறங்கும். அதைப் பிடிக்கத்தான் கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் வாய்க்கால் வெட்டிய ஒரு தட்டு இருக்கிறது. தட்டின் மூலைகளில் துளைகள். பெரும்பாலான கார்களில் நான்கு. ஒவ்வொரு துளையிலும் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு டியூப் மாட்டியிருக்கும்.

முன்பக்க டியூப்கள் இரண்டும் முன் கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள ஏ-பில்லருக்குள் இறங்கி, முன்கதவின் கீல் அருகிலோ முன் மட்கார்டின் உட்புறத்திலோ வெளியே வரும். பின்பக்கத்து இரண்டும் பின் பில்லர் வழியாக இறங்கி, பின்சக்கரத்தின் பக்கமோ பம்பருக்குப் பின்னாலோ முடியும்.

மொட்டைமாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் மழை விழுவதை யாரும் தடுப்பதில்லை. மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்துக்கொண்டால்தான் தண்ணீர் கட்டி நின்று, கீழே படுக்கையறைச் சுவரில் ஓதம் தெரியும். அப்போது குழாய் வாயைச் சுத்தம் செய்வீர்களா, மாடிக்குக் கூரை போடுவீர்களா? சன்ரூஃபைச் சுற்றி சிலிக்கான் அடிப்பது இரண்டாவது வகை வேலை. எப்படியோ ஒரு இடுக்கில் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், அடைப்பு அப்படியே இருக்கும், கண்ணாடியும் திறக்காது. புளிப்பு வாடை அடிக்கும் மலிவு சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது இரும்பில் துருவைக் கிளப்பும். பிறகு அதைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போகும்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

டார்ச், பழைய காட்டன் துணி, பல்துலக்கும் பிரஷ், மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சு, ஒரு சிறிய அளவுக் குவளை, பழைய செய்தித்தாள். இவற்றோடு புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் லைன், 2 முதல் 2.4 மில்லிமீட்டர் கனத்தில் நான்கு மீட்டர். கடலோர ஊர்க்காரர்கள் மீன்பிடிச் சாமான் கடையில் தடித்த தங்கூசி நரம்பு கேட்டு வாங்கலாம். அது இன்னும் நன்றாக வளைந்து கொடுக்கும்.

கம்பி வேண்டாம். சைக்கிள் பிரேக் கேபிள், குடைக்கம்பி, துணிக்கொடிக் கம்பி எல்லாம் பலர் முயன்று பார்த்ததுதான். டியூப் வளைவுகளில் அதன் முனை போய்க் குத்தினால் உள்ளேயே ஓட்டை விழும். அதன்பின் மாற்ற வேண்டியது அடைப்பையல்ல, டியூபையே. அதற்குக் கூரையின் உள்துணியை முழுதாக இறக்க வேண்டியிருக்கும்.

வேலைக்குக் கூட ஒரு ஆளும் வேண்டும். நீங்கள் மேலே ஊற்றும்போது கீழே குனிந்து பார்க்க ஒருவர் இல்லாவிட்டால் பாதி தகவல் கிடைக்காது. கண்ணாடியைத் திறந்ததும் இக்னிஷனை அணைத்துச் சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தட்டுக்குள் விரலை வைத்திருக்கும்போது காருக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பட்டனை அழுத்திவிடக் கூடாது.

3. ஒழுகுவது சன்ரூஃப்தானா?

தரைவிரிப்பு நனைந்திருந்தால் உடனே மேலே பார்க்காதீர்கள். முன் இருக்கைப் பயணியின் காலடி மட்டும் ஈரமாக இருந்து, ஏ.சி. போட்ட நாட்களில் அது கூடினால், ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய்தான் பெரும்பாலும் அடைத்திருக்கும். ஏ.சி. ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவே இல்லையென்றால் சன்ரூஃபை விட்டுவிட்டு அங்கே போங்கள்.

கதவோரம் ஈரமாக இருந்தால், கதவு அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் விட்டிருக்கலாம். ஸ்பீக்கர் மாற்றிய கார்களில் இது சகஜம். முன் கண்ணாடியைச் சமீபத்தில் மாற்றியிருந்தால் அதன் ஒட்டைச் சந்தேகப்படுங்கள். பின்பக்கக் கூரையில் மட்டும் கறை என்றால், சுறாத்துடுப்பு ஆண்டெனாவின் அடி ரப்பரோ கூரைமேல் சாமான் கட்டும் கம்பியின் (ரூஃப் ரெயில்) போல்ட்டோ காரணமாகலாம்.

சன்ரூஃப் ஒழுகலுக்கு வேறு முகம் உண்டு. கூரைத்துணியில் மூலையிலோ கூரை விளக்கின் ஓரத்திலோ பழுப்பு வளையம் விழுந்திருக்கும். பில்லரின் உட்பட்டையைத் தடவினால் ஈரம் தெரியும். பின் டியூப் கெட்டிருந்தால் டிக்கியில் ஸ்டெப்னி குழியைத் திறந்து பாருங்கள், சிறு குளமே இருக்கும். ஓட்டை ஓரிடம், ஒழுகல் ஓரிடம் என்பது இதில் அப்படியே பொருந்தும். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே தேடி ஏமாறாதீர்கள்.

4. தட்டைத் துடைத்து எடுங்கள்

கண்ணாடியை முழுதாகத் திறந்து, தட்டில் கிடப்பதைத் துணியாலும் பிரஷ்ஷாலும் வாரி எடுங்கள். இதைச் செய்யாமல் தண்ணீர் ஊற்றினால், மேலே கிடக்கும் குப்பையை நீங்களே டியூபுக்குள் தள்ளியதாகிவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆர்வத்தில் ஹோஸ் பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

என்ன கிடைக்கும் என்பது காரை நிறுத்தும் இடத்தைப் பொறுத்தது. வேப்ப மரத்தடிக் கார் என்றால் சித்திரையில் விழுந்த பூ, தட்டின் ஓரத்தில் பிசின் மாதிரி இறுகியிருக்கும். தூங்குமூஞ்சி மரத்தின் குட்டி இலைகள் சரியாகத் துளைக்குள் நுழையும் அளவு. மரமே இல்லாத இடத்தில் ரோட்டுப் புழுதியும் பீடிங்குக்குப் போட்ட கிரீஸும் கலந்து கரும்பசையாகக் கிடக்கும். துளைகளைத் துடைக்கும்போது பிரஷ்ஷை உள்நோக்கி அழுத்தாமல் வெளிநோக்கி இழுங்கள்.

முன் துளைகள் இரண்டும் டார்ச் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். பின் துளைகள் பல கார்களில் கூரைக்குள் மறைந்திருக்கும், கண்ணுக்கு எட்டாது. இல்லையென்று முடிவு கட்டாதீர்கள்.

5. ஒவ்வொரு மூலையாக 100 மில்லி

இந்த வேலையின் உயிர் இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கு அருகிலும் செய்தித்தாளை விரியுங்கள். முன் இடது துளையில் 100 மில்லி தண்ணீரைச் சிரிஞ்சால் மெதுவாக விடுங்கள். கீழே இருப்பவர் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கீல் பக்கமும் சக்கரத்தின் பின்புறமும் பார்க்க வேண்டும். டியூப் நன்றாக இருந்தால் சில நொடிகளிலேயே கீழே கொட்டத் தொடங்கும். ஊற்றிய அளவு கிட்டத்தட்ட முழுதும் வரவேண்டும்.

நான்கு விதமாக நடக்கலாம். தண்ணீர் ஓட்டமாக வெளியே வந்தால் அந்த மூலையில் குறையில்லை. சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. தட்டிலேயே நின்றால் முழு அடைப்பு. தட்டிலிருந்து சர்ரென்று மறைந்தும் கீழே ஒரு சொட்டும் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். டியூப் கழன்றிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது என்று பொருள். நீங்கள் ஊற்றிய 100 மில்லியும் அந்நேரம் கூரைத்துணிக்குள் இருக்கும். குவளை அளவை நான் வலியுறுத்துவது இதனால்தான். ஹோஸ் பைப்பால் சோதித்தவருக்கு இதே பாடம் பத்து லிட்டரில் கிடைக்கும்.

பின் துளைகள் எட்டாதபோது வண்டியையே சாய்த்துவிடலாம். அடித்தளப் பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவில் முன்பக்கம் மேலே இருக்கும்படி ஏற்றி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, தட்டின் பக்கவாட்டு வாய்க்காலில் ஊற்றுங்கள். தண்ணீர் தானாகப் பின்பக்கம் ஓடும். இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை. இரண்டையும் சேர்த்து ஊற்றினால் எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

தண்ணீர் எங்கே போகிறதென்று தெளிவாகத் தெரிய, சொட்டு நீலம் கலக்கலாம் என்று எனக்கு ஒரு முறை தோன்றியது. டியூப் கழன்றிருந்த கார் அது. கூரைத்துணியில் விழுந்த நீலத் திட்டு இன்றும் அப்படியே இருக்கிறது. வெறும் தண்ணீரே போதும்.

நான்கு மூலைகளின் முடிவையும் காகிதத்தில் எழுதிவைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

6. அடைப்பை எடுப்பது

கீழ்முனையிலிருந்து தொடங்குங்கள். டியூபின் அடிவாயில் பல கார்களில் ஒரு ரப்பர் மூக்கு இருக்கும், நுனியில் சிறு கீறல் மட்டும். தண்ணீர் வெளியே போகலாம், தூசியும் பூச்சியும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக அப்படி. சேறு காய்ந்தால் அந்தக் கீறல் ஒட்டிக்கொள்ளும். இரண்டு விரலால் மூக்கை அமுக்கி உருட்டுங்கள். கட்டி மண் பொடிந்து விழும். சில சமயம் இதிலேயே மேலே நின்ற தண்ணீர் அத்தனையும் முழங்கையில் கொட்டிவிடும், வேலையும் முடிந்துவிடும். மூக்கு இல்லாமல் திறந்த வாயாக இருக்கும் டியூபில் குளவி மண்கூடு கட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அடிவாய் சுத்தமாகியும் ஓடவில்லையென்றால் நைலான் லைனை எடுங்கள். வெட்டிய நுனி ஊசிபோல் இருக்கும், அதை லைட்டரில் ஒரு நொடி காட்டி, ஸ்பூன் முதுகில் உருட்டி மொட்டையாக்குங்கள். மேலிருந்து நுழைத்து, விரல்களுக்கிடையே திருகிக்கொண்டே தள்ளுங்கள். தடுத்தால் இரண்டு அங்குலம் பின்னிழுத்து, திருகி, மறுபடி. பலத்தால் குத்தக் கூடாது. வளைவில் முட்டுவதும் அடைப்பில் முட்டுவதும் கைக்கு வேறுவேறாகத் தெரியும். வளைவு கெட்டியாக நிற்கும், அடைப்பு கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். கீழே ரப்பர் மூக்கை லைன் தொட்டதும் நிறுத்துங்கள். அதற்குமேல் தள்ளினால் மூக்கு தன் துளையிலிருந்து கழன்று விழும்.

லைனை வெளியே இழுத்ததும் சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு ஷாம்பு விட்டுச் செலுத்துங்கள். வீட்டில் ஈரமும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் இருந்தால், அதன் வாயைத் துணி சுற்றித் துளையில் பொருத்தி உறிஞ்சுவது எல்லாவற்றையும்விட நல்ல வழி. கைக்கெட்டாத பின் டியூபுக்குக் கீழிருந்து உறிஞ்சலாம்.

பஞ்சர் கடைக் காற்று பற்றி ஒரு வார்த்தை. "காத்து அடிச்சா ஒரே நிமிஷத்துல போயிடும்ணே" என்பார்கள். போகத்தான் செய்யும். ஆனால் அந்த அழுத்தத்தில், தட்டின் துளையில் வெறுமனே செருகியிருக்கும் டியூப் கழன்றுவிடலாம். கழன்றது கூரைத்துணிக்கு மேலே. அன்றைக்கு எல்லாம் சரியானதுபோல் இருக்கும், அடுத்த மழையில் முன்னைவிட மோசமாக ஒழுகும். காற்று வேண்டுமென்றால் சைக்கிள் பம்ப்பால் மெல்ல இரண்டு அடி, அதுவும் லைன் வழிவிட்ட பிறகு.

7. டியூப் கழன்றிருந்தால்

கீழ்ப்பக்கத்து இணைப்பு கைக்கு எட்டினால் செருகிவிடலாம். மேல்பக்கம் கழன்றிருந்தால் ஏ-பில்லர் பட்டையைக் கழற்ற வேண்டும். அதற்குள் பக்கவாட்டு ஏர்பேக் போகும் கார்கள் உண்டு. பட்டையில் ஏர்பேக் என்று எழுத்துப் பொறித்திருந்தால் நீங்களாகக் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அனுபவம் இருப்பவர்கள்கூட பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் தொடுவார்கள். பேட்டரியை மீண்டும் மாட்டியதும் சன்ரூஃப் ஒரே தட்டலில் மூடாமல் அடம்பிடித்தால் பயப்படாதீர்கள். அது தன் எல்லையை மறந்திருக்கிறது. பட்டனை எப்படி அழுத்திப் பிடித்துக் கற்றுக்கொடுப்பது என்று வண்டியின் கையேட்டில் இருக்கும்.

செருகும் இடத்தைத் துடைத்துக் காயவைத்து, டியூப் முழு ஆழம் போகும்வரை தள்ளுங்கள். டியூபின் வாய் விரிந்து தளர்ந்திருந்தால் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுச் செருகலாம், நீளம் இடம் கொடுத்தால் மட்டும். பசை ஊற்றி ஒட்டாதீர்கள், அடுத்தமுறை கழற்ற முடியாது.

8. பீடிங்கும் கண்ணாடி உயரமும்

டியூப்கள் நான்கும் ஓடியும் தட்டுக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் வருகிறதென்றால் இப்போதுதான் பீடிங்கைப் பார்க்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் ரப்பருக்கான சிலிக்கான் கிரீஸை விரலில் தொட்டு மெல்லிய படலமாகத் தடவுங்கள். இது ஒட்டும் சிலிக்கான் அல்ல, பெயர் மட்டும்தான் ஒன்று. மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், பெட்ரோலியம் கலந்த கிரீஸ் எதுவும் ஆகாது. ரப்பர் உப்பிவிடும்.

பிறகு செய்தித்தாளில் ஒரு நீள் துண்டு வெட்டி, பீடிங்கின் மேல் வைத்துக் கண்ணாடியை மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் இப்படிச் செய்தால், எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் தெரிய வேண்டும். ஒரு மூலையில் மட்டும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் கண்ணாடி அங்கே இறங்கியிருக்கிறது. பக்கவாட்டில் இருக்கும் ஸ்டார் திருகுகளைத் தளர்த்தி உயரத்தைச் சரிசெய்யலாம். தொடுவதற்கு முன் பழைய நிலையைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். பொதுவாக முன் ஓரம் கூரைக்குச் சமமாகவோ ஒரு மில்லிமீட்டருக்குள் தாழ்ந்தோ, பின் ஓரம் சமமாகவோ அதே அளவுக்குள் உயர்ந்தோ இருக்கும். முன் ஓரம் தூக்கியிருந்தால் வேகத்தில் காற்று விசிலடிக்கும். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் சரி.

9. உள்ளே நின்ற ஈரம்

ஒழுகல் நின்றதும் பலர் வேலையை முடித்துவிடுகிறார்கள். தரைவிரிப்பின் மேல்பக்கம் காய்ந்திருக்கும், அடியில் இருக்கும் பஞ்சு மட்டும் ஊறிக் கிடக்கும். செய்தித்தாளை நான்காக மடித்து வைத்து முழங்காலால் அழுத்துங்கள். தாள் நனைந்தால் விரிப்பைத் தூக்கியே ஆகவேண்டும். கதவடிப் பட்டையைக் கழற்றி விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, இடையில் ஒரு கட்டையைக் கொடுத்து, டேபிள் ஃபேனை இரண்டு நாள் ஓடவிடுங்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பிகள் இருந்தால் அவற்றைப் பிடுங்காதீர்கள். அவை ஏர்பேக், சீட்பெல்ட் சம்பந்தப்பட்டவை.

நாற்றத்துக்குச் சாம்பிராணி போட்டவரைப் பார்த்திருக்கிறேன். காருக்குள் கோவில் வாசனையும் பூஞ்சைக்காளான் வாசனையும் சேர்ந்தே வந்தன.

10. மறுபடி அதே 100 மில்லி

ஐந்தாம் படியில் எழுதிவைத்த காகிதத்தை எடுத்து, நான்கு மூலைகளையும் மறுபடி சோதியுங்கள். அது சரியாக வந்தபின் கண்ணாடியை மூடி, ஹோஸ் பைப்பை மெல்லத் திறந்து, மழைபோல் பத்து நிமிடம் கூரைமேல் விடுங்கள். வாட்டர் வாஷ் கடையின் அழுத்தத் துப்பாக்கியை நேராகப் பீடிங்கில் பிடித்தால் எந்தப் புதுக் காரிலும் தண்ணீர் தட்டுக்குள் போகும், அது சோதனையாகாது. பத்து நிமிடம் ஆனதும் வண்டியை எடுத்துத் தெருவில் இரண்டு முறை நன்றாக பிரேக் பிடியுங்கள். மடி நனையாவிட்டால் சரி.

மரத்தடியில் நிற்கும் கார் என்றால் வேப்பம்பூ உதிர்ந்து முடிந்ததும் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் ஒரு முறை, நான்காம் ஐந்தாம் படிகளை மட்டும் செய்யுங்கள். இருபது நிமிட வேலை.

11. பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியவை

தட்டில் விரிசல், கூரைத்துணிக்கு மேலே கிழிந்த டியூப், பனோரமிக் கூரையில் (கூரையின் பெரும்பகுதியும் கண்ணாடியாக இருப்பது) பசையால் ஒட்டியிருக்கும் அசையாத கண்ணாடியின் ஓரக் கசிவு, இந்த மூன்றும் வீட்டு வேலை அல்ல. கொண்டுபோகும்போது "சன்ரூஃப் ஒழுகுது" என்று மட்டும் சொன்னால், முதலில் பீடிங் மாற்றச் சொல்வார்கள். "பின் இடது பக்கம் 100 மில்லி ஊற்றினால் வெளியே ஒரு சொட்டும் வரவில்லை, ஸ்டெப்னி குழியில் வந்து நிற்கிறது" என்று சொல்லி, போனில் எடுத்த வீடியோவையும் காட்டுங்கள். கூரைத்துணியை எந்தப் பக்கம் இறக்குவது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.